கமரா ஹிஸ்டோகிராமும் லைட்ரூம் ஹிஸ்டோகிராமும் ஏன் ஒத்துப்போவதில்லை?

எங்கள் முற்றத்துச் செவ்வரத்தையைக் காலை வெயிலில் எடுத்தபோது, கமராத் திரையின் ஹிஸ்டோகிராமில், அதாவது படத்தில் இருளும் வெளிச்சமும் பரவியுள்ள விதத்தைக் காட்டும் வரைபடத்தில், சிவப்பு வலப்புற விளிம்பில் முட்டி நின்றது; அந்த நிறம் நிரம்பி நுணுக்கங்கள் அழிகின்றன என்பதற்கு அது அறிகுறி. அதே றோ கோப்பை (கமரா பதிந்த, பதப்படுத்தாத தரவை) லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் திறந்தால் வலப்புறத்தில் தாராளமாக இடம் இருந்தது. கமரா வீணாக அச்சுறுத்துகிறது என்று எண்ணி ஏற்றுமதி செய்தேன். கிடைத்த ஜேபெக்கில் இதழின் நரம்புகள் ஒன்றும் தெரியவில்லை. பூ வெறும் சிவப்புத் திட்டாக இருந்தது.

றோவில் எடுத்தாலும் கமரா தன் ஹிஸ்டோகிராமை றோ தரவிலிருந்து வரைவதில்லை. தானே உருவாக்கும் ஜேபெக் முன்தோற்றத்திலிருந்தே வரைகிறது. லைட்ரூமோ தன் சொந்த வண்ணவெளியில் (அடங்கக்கூடிய நிறங்களின் எல்லையில்) வரைகிறது. ஆகவே இரண்டையும் அருகருகே கொண்டுவருவதே நாம் செய்யவேண்டிய வேலை.

முதலில், கமராவில் ஒளிர்வு ஹிஸ்டோகிராமை மட்டும் பார்க்காமல் மூன்று நிறங்களும் தனித்தனியே தெரியும் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். ஒளிர்வுக் கணக்கில் பச்சைக்கு ஏறத்தாழ 59 சதவீதமும் சிவப்புக்கு 30 சதவீதமும் நீலத்துக்கு 11 சதவீதமுமே பங்கு என்பதால், சிவப்பு முற்றாக நிரம்பிய பின்னும் அந்த வரைபடம் நடுவில் அமைதியாக இருக்கக்கூடும்.

அடுத்து, ஜேபெக்கின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் அமைப்புகளான நிக்கோனில் பிக்சர் கொன்ட்ரோலையும் கனனில் பிக்சர் ஸ்டைலையும் நியூட்ரலுக்கு மாற்றுங்கள். விவிட் போன்ற தெரிவுகள் மாறுபாட்டையும் நிறச்செறிவையும் கூட்டி, வரைபடத்தை இரு விளிம்புகளுக்கும் தள்ளிவிடும். நிழலையும் வெளிச்சத்தையும் தானாகச் சமப்படுத்தும் வசதிகளை நிறுத்திவிடுங்கள். வெளிச்சப் பகுதிகளைக் காக்கும் கனனின் ஹைலைட் டோன் பிரயோரிட்டி, றோ கோப்பையே ஒரு ஸ்டொப் குறைவான, அதாவது பாதி வெளிச்சத்தில் பதியச் செய்கிறது.

நான் நெடுநாள் தடுமாறியது இதற்கு அடுத்த படியில்தான். கமராவில் நியூட்ரல் வைத்துவிட்டால் லைட்ரூமும் அதையே பின்பற்றும் என்று நம்பியிருந்தேன். லைட்ரூம் கமராவின் வெண்சமநிலையை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறங்களைச் சரிசெய்யும் அளவை) எடுத்துக்கொள்ளும். ஆனால் இயல்புநிலை அமைப்பை நீங்கள் மாற்றாதவரை, நிறத்துக்கு அடோபி கலர் என்ற தன் புரொஃபைலையே (றோவின் நிறங்களை விளக்கும் அமைப்பையே) இடும். அதைக் கமரா நியூட்ரல் என்று மாற்றியதும் இரு வரைபடங்களின் வடிவமும் நெருங்கின. ஆனாலும் செவ்வரத்தையின் சிவப்பு மட்டும் ஒத்துவரவில்லை. காரணம், லைட்ரூமின் டெவலப் பகுதி புரோஃபோட்டோ என்ற மிக அகன்ற வண்ணவெளியின் அடிப்படை நிறங்களைக் கொண்டு கணக்கிடுகிறது. அங்கே அடங்கும் சிவப்பு, ஜேபெக்குக்கு வழமையாகப் பயன்படும் சிறிய வண்ணவெளியான எஸ்ஆர்ஜிபிக்குள் வரும்போது நிரம்பி வழிகிறது. டெவலப்பில் எஸ் விசையை அழுத்தி, ஏற்றுமதியாகும் படத்தை முன்கூட்டியே காட்டும் சொஃப்ட் புரூஃபிங்கில் எஸ்ஆர்ஜிபியைத் தெரிவுசெய்யுங்கள்; ஹிஸ்டோகிராம் உடனே அந்த வெளிக்கு மாறும். என் படத்தில் சிவப்பு அப்போதுதான் விளிம்பைத் தொட்டது. வெளிச்சத்தைக் குறைக்காமல், சிவப்பின் செறிவை மட்டும் குறைத்ததும் நரம்புகள் மீண்டும் தெரிந்தன.

காரணங்களைப் பிரித்தறிய விரும்பினால், யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வெண்சுவர்களை நண்பகலில் எடுத்துப் பாருங்கள். வெள்ளையில் நிறச்செறிவு இல்லாததால் வண்ணவெளியின் வேறுபாடு ஏறக்குறைய மறைந்து, எஞ்சும் வேறுபாடு பெரும்பாலும் டோன் வளைவால் (வெளிச்ச அளவுகளை மாற்றியமைக்கும் வளைவால்) வருவது என்று தெளிவாகும்.

றோ உண்மையிலேயே நிரம்பிவிட்டதா என்று அறிய லைட்ரூம் உதவாது. அதற்கு நான் இலவசமாகக் கிடைக்கும் றோதெரபி என்ற மென்பொருளையே பரிந்துரைப்பேன்; அதன் ஹிஸ்டோகிராமை ஒரு பொத்தானால் றோ தரவுக்கு மாற்றலாம். டார்க்டேபிள் என்ற மென்பொருளிலும் றோ நிரம்பலைக் காட்டும் குறி உண்டு. வெண்சமநிலை சிவப்பையும் நீலத்தையும் பெருக்குவதால், கமரா நிரம்பியதாகக் காட்டும் சிவப்பு, றோவில் நிரம்பாமல் இருப்பது வெயில் படங்களில் வழமையானதே.

பின்னர் சேர்த்தது: எல்லாவற்றையும் மாற்றிய பின்னும் வேறுபாடு குறையவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கமராவின் வண்ணவெளி, எஸ்ஆர்ஜிபியை விட அகன்ற அடோபி ஆர்ஜிபியில் இருந்தது. அந்தத் தெரிவு றோவைத் தொடுவதில்லை; ஆனால் கமரா ஹிஸ்டோகிராமை மாற்றும். புரூஃபிங்கிலும் அதே வண்ணவெளியைத் தெரிவுசெய்த பிறகே ஒப்பிடுங்கள்.