முயல் கடித்து விளையாட என்ன கொடுக்கலாம்?

காரைக்குடிப் பக்கம் முயல் வளர்ப்பவர்களுக்குக் கடைப் பொம்மை தேவையே இல்லை, பனை ஓலை இருக்கிறதே. கொட்டான் (பனை ஓலைக் கூடை) முடைபவர்களிடம் சாயம் ஏற்றாத ஓலையாகக் கேட்டு வாங்குங்கள். கலர் கொட்டான் அழகுதான், ஆனால் அதிலுள்ள நூல், மணி, லேஸ் எல்லாவற்றையும் முயல் விழுங்கிவிடும், அதற்கு வாந்தி எடுக்கவும் வராது என்பதால் குடலில் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஓலையைக் கழுவி, ஈர்க்கை உரித்துவிட்டு (முனை வாயில் குத்தும்), வெயிலில் நன்றாகக் காயவைத்து, உருண்டையாக முடைந்து உள்ளே காய்ந்த புல்லைத் திணித்தால் போதும்.

கொய்யாக் குச்சியும் சரி, பூச்சிமருந்து அடிக்காத மரமாக இருக்க வேண்டும். அரளி, எருக்கு பக்கமே போகாதீர்கள், இரண்டும் விஷம்.

பழைய வீடு பிரித்த தேக்குத் துண்டு? வேண்டாம். வார்னிஷ் இருக்கும், பழைய பெயின்டில் ஈயமும் இருக்கலாம். பிளைவுட்டில் பசை. சாதா அட்டைப்பெட்டி கொடுக்கலாம், டேப்பையும் பின்னையும் பிடுங்கிவிட்டு.

அப்புறம், முயலுக்குப் பல் ஆயுள் முழுக்க வளரும். அதைத் தேய்ப்பது முக்கியமாகப் புல்தான், அதனால் பொம்மை இருக்கிறதென்று புல்லைக் குறைக்காதீர்கள். தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.