ஆம்புலன்ஸ் பில்லு 18,000, இன்சூரன்ஸ் கொடுத்தது சைபரு: நாங்க எங்க கோட்டை விட்டோம், நீங்க எப்படித் தப்பிக்கலாம்

ஐப்பசி மழை கொட்டிட்டு இருந்த ஒரு ராத்திரி எங்க சித்தப்பாவுக்கு நெஞ்சு வலிங்க. தோட்டத்துச் சாளையில இருந்து கார்லயே தூக்கிப் போட்டுட்டு கோபில ஒரு நர்சிங் ஹோமுக்கு ஓடுனோம், ஈசிஜி பாத்துட்டு "இங்க ஆவாதுங்க, கோயமுத்தூரு கூட்டிட்டுப் போயிருங்க"ன்னு சொல்லி அவங்களே போனைப் போட்டு வெண்டிலேட்டர் வச்ச வண்டி ஒண்ணை வரவச்சுத் தாட்டிவிட்டாங்க. குன்னத்தூரு, பெருமாநல்லூரு, அவினாசி வழியா எம்பது கிலோமீட்டருக்குக் கிட்ட. ஆளு பொழச்சுட்டாருங்க, ஸ்டென்ட் வச்சு இப்ப மறுபடியும் மாட்டுக்குத் தட்டு போட்டுட்டு இருக்காரு, சித்தி பேச்சைக் கேக்கறதே இல்ல. அதனால இது சோகக் கதை இல்லீங்க, காசுக் கதை.

வண்டிக்காரரு கொடுத்த பில்லு என்னன்னா டைரில இருந்து கிழிச்ச ஒரு தாளு. "கோபி - கோவை 18,000", கீழ ஒரு கிறுக்கல் கையெழுத்து, அவ்ளோதான். சித்தப்பா பாலிசில ஆம்புலன்ஸுக்கு 5,000 வரைக்கும் உண்டு, ஆனா எதுக்கு எவ்ளோ தர்றோம்னு இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பற செட்டில்மெண்ட் லெட்டர் வந்தப்ப அந்த வரிக்கு நேரா சைபரு. காரணம்னு போட்டிருந்தது முறையான ரசீது இல்ல, மாத்தச் சொன்ன டாக்டர் குறிப்பு இல்ல. மூணு மாசம் அலைஞ்சுதான் அந்த 5,000 வந்துச்சு. அந்த அலைச்சல்ல தெரிஞ்சுக்கிட்டது ஒண்ணுதான், வண்டி கெளம்பறதுக்கு முன்னாடி பத்து நிமிசத்துல என்ன காகிதம் கையில வாங்குறமோ அதுதான் பின்னால பேசும், நாம எவ்ளோ துடிச்சோம்னு அங்க ஒருத்தரும் பாக்க மாட்டாங்க.

மொதல்ல, காசு கொடுக்கவே வேணுமான்னு பாருங்க

108 முழுக்க இலவசம், டீசல் காசு ஆக்சிஜன் காசுன்னு எதுவும் கிடையாது, தமிழ்நாட்ல 2008ல இருந்து ஓடுது. வீட்ல இருந்தோ ரோட்ல இருந்தோ மொத ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு இதைத்தான் கூப்பிடணும். நாங்க பதட்டத்துல கார்ல தூக்கிப் போட்டது மொத முட்டாத்தனம், 108ல வர்ற ஆளு வழியிலயே பாத்துக்குவாரு. சிக்கல் எங்கன்னா, ஒரு தனியார் ஆஸ்பத்திரில இருந்து இன்னொரு தனியாருக்கு மாத்தறதுக்கு 108 பெரும்பாலும் வராது, பில்லு எகிறுறது அந்த எடத்துலதான். அப்பக்கூட டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, பெருந்துறைல இருக்கற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, இல்லீனா கோவை ஜிஹெச் போதுமான்னு. எல்லாத்துக்கும் கோயமுத்தூரு அவினாசி ரோட்டுத் தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும்னு இல்லீங்க.

ரோட்ல அடிபட்ட கேஸுன்னா 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்குது, மொத 48 மணி நேரத்துக்கு சிகிச்சை இலவசம், தனியார் ஆஸ்பத்திரிலயும் உண்டு, ஆனா திட்டத்துல சேந்த ஆஸ்பத்திரியா இருக்கணும். மொதல்ல 1 லட்சம் வரைக்கும்னு வச்சாங்க, பின்னால 2 லட்சம் ஆக்குனாங்க. அடிபட்டவரு எந்த ஊர்க்காரரா இருந்தாலும் சரி, காப்பீட்டு அட்டை இல்லாட்டியும் சரி, நம்ம மாநிலத்துக்குள்ள நடந்திருந்தாப் போதும்.

வருசம் 1,20,000க்குள்ள வருமானம் இருக்கற குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீடு, குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம். இது ஆஸ்பத்திரி செலவுக்கான திட்டம், நாமளாப் புடிச்ச வண்டிக்கு இல்ல. ஆனா எந்த ஆஸ்பத்திரிக்குப் போறோம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி 1800 425 3993க்கு போன் போட்டு அந்த ஆஸ்பத்திரில இந்த வைத்தியத்துக்கு அட்டை செல்லுமான்னு கேட்டுருங்க, இல்லீனா வண்டிக்கு ஒருக்கா அழுதுட்டு உள்ள போயி இன்னொருக்கா அழுகணும்.

திருப்பூர் பனியன் கம்பெனில, ஈரோட்டுப் பக்கம் மில்லுல வேலை செய்யறவங்களுக்கு மாசம் 21,000 வரைக்கும் சம்பளம்னா ஈஎஸ்ஐங்கற தொழிலாளர் காப்பீடு இருக்கும். அவசரத்துக்கு வெளி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் செலவைத் திருப்பிக் கேக்க வழி உண்டு, வண்டி ரசீதையும் அதோட சேத்து வச்சு உங்க டிஸ்பென்சரில கேளுங்க. பலபேரு ஈஎஸ்ஐன்னா காய்ச்சல் மாத்திரைக்குன்னே நெனச்சுட்டு இருக்காங்க.

வண்டி கெளம்பறதுக்கு முன்னாடி

எல்லாக் குடும்பத்துலயும் அழுகாம நிக்கற ஒரு கல்லு மனசுக்காரரு இருப்பாருங்க, எங்க ஊட்ல அது மச்சான். இந்த வேலையை அவர் கையில விட்டுருங்க, நோயாளி கூட வண்டில ஏறறவங்களுக்கு இது வேண்டாம்.

அனுப்பற டாக்டர்கிட்ட ரெஃபரல் லெட்டர் எழுதி வாங்கணும். "மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறோம்"னு மொட்டையா இருந்தாப் பத்தாது, என்ன வியாதி, எந்த வசதி இங்க இல்ல, ஏன் ஆம்புலன்ஸ்லயே போகணும், வெண்டிலேட்டரோ ஆக்சிஜனோ எதுக்குத் தேவைப்பட்டுச்சு, நேரம் என்ன, இதெல்லாம் அதுல வரணும். மூணு வரி போதும். அந்த மூணு வரி இல்லாமத்தான் எங்களுக்கு மூணு மாசம் போச்சு.

வண்டிக்காரர்கிட்ட ரேட்டை முன்னாடியே கேளுங்க, கேக்கறதுல கூச்சமே வேண்டாம். போறதுக்கு மட்டுமா, திரும்பி வர்ற கிலோமீட்டரும் சேத்தா? கூட வர்ற நர்ஸுக்கு, ஆக்சிஜனுக்கு, வெயிட்டிங்குக்கு தனியா உண்டா? வெண்டிலேட்டர் வண்டிதான் வேணுமா, ஆக்சிஜன் மட்டும் இருக்கற சாதா வண்டி போதுமான்னு டாக்டர்கிட்டயே கேட்டுருங்க, ரெண்டுக்கும் ரேட்டு மலைக்கும் மடுவுக்கும். ரசீதுல வண்டி நம்பர், வண்டி வச்சிருக்கறவங்க பேரு விலாசம், நோயாளி பேரு, தேதி, நேரம், எங்கிருந்து எங்க, எத்தனை கிலோமீட்டரு, சீல், கையெழுத்து எல்லாம் இருக்கணும், நர்ஸு ஆக்சிஜன் எல்லாத்தையும் ஒரே ரசீதுல போடச் சொல்லுங்க. ஜிபேல கட்டுங்க, ரொக்கம் கொடுத்தா சாட்சி இல்ல. ரசீது புக்கு இல்லேங்கறாங்களா, நம்பர் பிளேட்டையும் வண்டிமேல எழுதிருக்கற பேரையும் போட்டோ புடிச்சு வச்சுக்கங்க, மறுநாளு போயி ரசீது வாங்கறதுக்கு அது ஒதவும்.

பில்லுல ரெண்டு சமாச்சாரம் பாருங்க. நோயாளியை ஆம்புலன்ஸ்ல கொண்டு போறதுக்கு ஜிஎஸ்டி கிடையாது, விலக்கு உண்டு. தேசிய நெடுஞ்சாலை டோல்லயும் ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்ல, கணியூரு டோலா இருந்தாலும் விஜயமங்கலமா இருந்தாலும். இந்த ரெண்டுல ஏதாச்சும் எழுதியிருந்தா அடிக்கச் சொல்லுங்க.

போய்ச்சேர்ற ஆஸ்பத்திரியே அவங்க சொந்த வண்டியை அனுப்புச்சுன்னா இன்னும் சுலுவு, அந்தக் காசை ஆஸ்பத்திரி பைனல் பில்லுலயே சேத்தச் சொல்லுங்க, கேஷ்லெஸ்ல, அதாவது இன்சூரன்ஸ் நேரா ஆஸ்பத்திரிக்கே கட்டறதுல, அதோட போயிரும், கையில இருந்து கட்டிட்டுப் பின்னால கேக்கற வேலை இல்ல. காஷுவாலிட்டில எறக்கறப்ப "ஆம்புலன்ஸ்ல கொண்டுவந்தாங்க, இன்ன ஆஸ்பத்திரில இருந்து"ன்னு எழுத வைங்க, டிஸ்சார்ஜ் சம்மரிலயும் அதே வரி வரணும்.

பாலிசில என்ன எழுதிருக்குது

இன்னைக்கே, ஒரு நோவு நொடியும் இல்லாதப்பவே, பாலிசி புக்கை எடுத்து ஆம்புலன்ஸுன்னு இருக்கற எடத்தைப் படிங்க. எல்லாக் கம்பெனியும் விக்கற ஆரோக்ய சஞ்சீவனில ஒரு அட்மிஷனுக்கு 2,000 ரூபாதான், 2020ல வந்த பாலிசி அது. மத்ததுல 5,000, 10,000, சிலதுல அளவே இல்லாம முழுசா. அளவு 2,000ன்னா 2,000தான், அதுக்கு மேல சண்டை போட்டு பிரயோஜனம் இல்லீங்க, பாலிசி மாத்தறப்ப யோசிச்சுக்கலாம். ஆனா அந்த 2,000த்தைக்கூடத் தராம சைபரு போட்டாங்கன்னா விடாதீங்க.

பொதுவா எல்லாத்துலயும் இருக்கற நிபந்தனை, ஆஸ்பத்திரில அட்மிட் ஆகியிருக்கணும், அந்த அட்மிஷன் கிளெய்ம் செல்லணும். பாத்துட்டு ஊட்டுக்கு அனுப்பிச்சுட்டா வண்டிக் காசும் பெரும்பாலும் போச்சு. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வர்ற வண்டிக்கும் பெரும்பாலும் கிடையாது.

நெறையப் பேருக்குத் தெரியாதது ஒண்ணு. வேலை பாக்கற கம்பெனி கொடுத்த குரூப் பாலிசி ஒண்ணு, சொந்தமா எடுத்தது ஒண்ணுன்னு ரெண்டு இருந்தா, மொதல்ல ஒண்ணுல கேட்டுட்டு அதோட அளவுக்கு மேல போனதை ரெண்டாவதுல கேக்கலாம். மொத இன்சூரன்ஸ் கம்பெனியோட செட்டில்மெண்ட் லெட்டரும், அவங்க சீல் வச்ச பில்லு நகலும் வேணும், அதனால ஒரிஜினல் ரசீது கொடுக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிருங்க.

அவசர அட்மிஷன்னா 24 மணி நேரத்துக்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனிக்கோ, அவங்களுக்காக கிளெய்ம் வேலை பாக்கற டிபிஏவுக்கோ சொல்லிரணும், டிஸ்சார்ஜ் ஆன 30 நாளைக்குள்ள காகிதம் போயிரணும், ஆரோக்ய சஞ்சீவனில இப்படித்தான், மத்ததுக்கு புக்குல பாத்துக்கங்க.

இல்லேன்னு சொல்லிட்டா

மொதல்ல எந்த விதிப்படி இல்லேங்கறீங்கன்னு எழுத்துல கேளுங்க, போன்ல பேசற புள்ளைங்க பேச்சை நம்பிட்டு உக்காந்திராதீங்க. ரெஃபரல் லெட்டர் இல்லேன்னா அனுப்புன நர்சிங் ஹோமுக்குத் திரும்பப் போயி, அன்னைக்கு இன்ன காரணத்துக்காக மாத்துனோம்னு லெட்டர்ஹெட்ல சர்ட்டிபிகேட் கேளுங்க. அவங்க ரெஜிஸ்டர்ல இருக்கும், கொடுப்பாங்க, எங்களுக்கு நாலாவது நடையில கொடுத்தாங்க.

அதை வச்சு கம்பெனி குறைதீர்ப்புப் பிரிவுக்கு மெயில் போடுங்க, மசியலைன்னா இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கற ஐஆர்டிஏஐ நடத்தற பீமா பரோசாங்கற புகார் தளத்துலயோ 155255ங்கற போன் நம்பர்லயோ பதிவு பண்ணுங்க. ஒரு மாசமா பதில் இல்ல, இல்லீனா வந்த பதில் திருப்தி இல்லைன்னா சென்னைல இருக்கற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கிட்டப் போங்க, இன்சூரன்ஸ் புகாரை விசாரிச்சுத் தீர்ப்பு சொல்றவங்க, நம்ம தமிழ்நாடு முழுசுக்கும் அவங்கதான். பீஸு கிடையாது, வக்கீல் வேண்டாம், ஆன்லைன்ல போடலாம், கம்பெனி கைவிரிச்ச ஒரு வருசத்துக்குள்ள போட்டுரணும். அவங்க தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், நமக்குப் புடிக்கலைன்னா நாம ஏத்துக்கோணும்னு இல்ல. நுகர்வோர் ஆணையத்துல கேஸ் நடந்துட்டு இருந்தா மட்டும் இங்க வர முடியாது.

விபத்துக் கேஸுன்னா இன்சூரன்ஸ் கொடுக்காத பாக்கி வண்டிக் காசையும் மோட்டார் விபத்து கிளெய்ம்ல போக்குவரத்துச் செலவுன்னு கேக்கலாம், விபத்து நடந்த ஆறு மாசத்துக்குள்ள போடணும், ரசீதைத் தொலைச்சுராதீங்க.

எங்க பாக்கி 13,000 கதைய கேக்கறீங்களா? மச்சான் வண்டிக்காரரைப் போன்ல புடிச்சு, சத்தம் போடாம, அண்ணா கணக்கை மட்டும் பிரிச்சு எழுதித் தாங்கன்னு கேட்டாரு. எழுதி அனுப்புனதுல கணியூரு டோலு போக வர இருந்துச்சு, ஜிஎஸ்டின்னு ஒரு தொகை இருந்துச்சு, ஜிஎஸ்டி நம்பர் எங்கன்னு கேட்டதுக்கு மறுபேச்சு இல்ல. பொழுதோட 1,900 ரூபா ஜிபேல வந்துருச்சு, சீல் வச்ச புது ரசீதும் வந்துச்சு. அந்த ரசீதை வச்சுத்தான் 5,000மும் வாங்குனோம்.