அமெரிக்கக் கடற்படை ரிசர்வில் உளவுப் பிரிவு அதிகாரி: விண்ணப்பிப்பது எப்படி?

நம்மூரில் பிறந்து, இங்கே குடியுரிமை வாங்கி, ஐடி வேலையும் பார்த்துக்கொண்டு ரிசர்வில் (பகுதிநேரக் கடற்படைப் பணி) சேர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாம் முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பொதுவான விஷயங்களை எந்தத் தளத்திலும் படிக்கலாம் என்பதால் அவற்றை வேகமாகத் தாண்டிவிட்டு, நம் ஆட்கள் திணறும் இடத்தில் மட்டும் நின்று பேசுகிறேன்.

ராணுவ அனுபவமே இல்லாத பட்டதாரியை நேராக அதிகாரியாக எடுக்கும் வழிக்கு டைரக்ட் கமிஷன் என்று பெயர். ரிசர்வ் உளவுப் பிரிவுக்கான பணிக் குறியீடு 1835. மாதத்தில் ஒரு வார இறுதி, ஆண்டில் இரண்டு வாரம் பயிற்சி என்பது விளம்பரத்தில் வரும் கணக்கு. அழைப்பு வந்தால் மாதக்கணக்கில் வீட்டை விட்டுப் போகவேண்டும், மொத்தக் கடப்பாடு 8 ஆண்டு. வீட்டில் பேசாமல் தொடங்காதீர்கள். கிரீன் கார்டு போதாது, குடியுரிமை கட்டாயம்.

படி 1: சரியான ரெக்ரூட்டர்

கடைத்தெருவில் பலகை வைத்திருக்கும் ஆட்சேர்ப்பு அலுவலகம் பெரும்பாலும் சிப்பாய்நிலை ஆட்களுக்கானது. அங்கே போனால் அந்த வேலையைத்தான் விற்பார்கள். 'ஆபீசர் ரெக்ரூட்டர், ரிசர்வ்' என்று கேட்டு வாங்குங்கள். முதல் மின்னஞ்சலிலேயே இந்தப் பணிக்கான ப்ரோக்ராம் ஆதரைசேஷன் ஆவணத்தின் புதிய பதிப்பைக் கேளுங்கள். வயது வரம்பு, மதிப்பெண், பட்டப்படிப்பு நிபந்தனை எல்லாம் அதில்தான் இருக்கும், அவ்வப்போது மாறும். யூடியூபை நம்பவேண்டாம்.

படி 2: ஓஏஆர் தேர்வு

அதிகாரியாகச் சேர நினைப்பவர்களுக்கான தகுதித் தேர்வு இது. கணக்கு, வாசிப்பு, இயந்திரவியல் என மூன்று பகுதி. மதிப்பெண் 20 முதல் 80 வரை. கால்குலேட்டர் கிடையாது. வாழ்நாளில் மூன்று முறைதான் எழுதலாம், அதனால் 'சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்' வேண்டாம். கணக்கில் நமக்குப் பயமில்லை. கப்பி, நெம்புகோல், பற்சக்கரம் எல்லாம் பிளஸ் டூவோடு மறந்துபோயிருக்கும், அதை மட்டும் தூசு தட்டுங்கள். மொபைல் ஆப்பைவிடத் தாளும் பென்சிலும் வைத்துப் பயிற்சி செய்வதுதான் என் கட்சி.

இந்தியப் பட்டம் என்றால் அமெரிக்கச் சமநிலை மதிப்பீடு வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் மதிப்பெண் பட்டியல் வந்து சேருவதற்குள் பொறுமை போய்விடும். முதல் நாளே விண்ணப்பித்துவிடுங்கள்.

படி 3: எஸ்எஃப்-86

இங்கேதான் நான் அதிக நாள் உட்கார்ந்திருந்தேன். உச்சநிலை பாதுகாப்பு அனுமதிக்கான (அரசின் ரகசியத் தகவலைப் பார்ப்பதற்கான அனுமதி) இந்தப் படிவம் நூறு பக்கத்துக்கு மேல் போகும். இப்போது இ-ஆப் என்ற தளத்தில் நிரப்புகிறார்கள். நேராக அதில் தட்டச்சு செய்யாதீர்கள். முதலில் ஒரு விரிதாளில் எல்லாவற்றையும் எழுதி முடியுங்கள், பிறகு ஒட்டுங்கள்.

பெயர்: பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து, முதல் விசாவில் முதல் பெயருக்குப் பதில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்). இத்தனையும் பிரிவு 5இல் வரவேண்டும். கல்யாணத்துக்கு முன் அம்மாவின் பெயர் என்ன என்றும் பிரிவு 18 கேட்கும். தாத்தாவின் இனிஷியலோடு இருந்த பெயரை எழுதுங்கள்.

பிறந்த தேதி: பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதி ஒன்று, வீட்டில் ஜாதகத்தில் இருப்பது இன்னொன்று. அப்பா அம்மாவுக்கு ஆவணத்தில் உள்ளதை எழுதி, குறிப்புப் பெட்டியில் காரணத்தை ஒரே வரியில் சொல்லுங்கள். உறுதியாகத் தெரியாத தேதிக்கு 'உத்தேசம்' என்று குறிக்கத் தனிக் கட்டம் இருக்கிறது.

உறவினர்: பெற்றோர், உடன்பிறந்தோர், மாமனார், மாமியார் பிரிவு 18இல். இறந்தவர்களும் வரவேண்டும். வெளிநாட்டு அரசோடு தொடர்பு உண்டா என்று ஒவ்வொருவருக்கும் கேட்பார்கள். அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் என்றால் 'ஆம்' என்று போட்டு விளக்குவதே என் யோசனை. பெரியப்பா மகன் இங்கே உடன்பிறந்தவர் கணக்கில் வரமாட்டார். ஆனால் வாராவாரம் பேசுகிற நெருக்கம் என்றால், அவர் இந்தியக் குடிமகனாக இருக்கும்போது பிரிவு 19இல் எழுதவேண்டும். கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் உள்ள அத்தனை பேரையும் எழுதத் தேவையில்லை.

சொத்து: பிரிவு 20ஏ-வில்தான் நம்மவர்கள் நிறைய விடுகிறார்கள். வெளிநாட்டில் வீடு நிலம் இருக்கிறதா என்பதோடு, இனி வர வாய்ப்பு உண்டா என்றும் கேள்வி இருக்கிறது. பாகம் பிரிக்காத தாத்தா வீடு அதில் அடங்கும். என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் வாழ்பவர் இந்திய வங்கியில் வைத்திருப்பது), அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணம் இரண்டும் அங்கேதான். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் (வெளிநாட்டுக் கணக்குகள் பற்றி அமெரிக்க அரசுக்குத் தரும் அறிக்கை) தாக்கல் செய்திருக்கவேண்டும். செய்யாதவர்கள் முதலில் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை): இந்தியச் சட்டப்படி அது குடியுரிமை அல்ல. அட்டை இருப்பதைக் குறிப்பில் சொல்லிவிடுங்கள். பழைய இந்தியப் பாஸ்போர்ட் எண்ணையும் ஒப்படைத்த சான்றிதழையும் கையில் வைத்திருங்கள், பிரிவு 10 கேட்கும்.

பழைய முகவரிகள் பத்தாண்டுக்கு வேண்டும். அமேசான் ஆர்டர் வரலாறும் இலவச கிரெடிட் ரிப்போர்ட்டும் இதற்குப் போதும். பயணத் தேதிகளுக்கு ஜிமெயிலில் டிக்கெட்டுகளைத் தேடுங்கள், பாஸ்போர்ட் முத்திரை பாதி நேரம் படிக்கவே முடியாது.

உண்மையை எழுதினால் வாய்ப்பு போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். பாதுகாப்பு அனுமதியை யாருக்குத் தரலாம் என்று சொல்லும், 2017 முதல் நடப்பில் உள்ள சீட் 4 வழிகாட்டுதல், இந்தியாவில் அம்மா இருப்பதை மட்டும் வைத்து யாரையும் ஒதுக்கச் சொல்லவில்லை. அந்த உறவால் உங்களுக்கு நெருக்கடி வருமா என்றுதான் பார்க்கச் சொல்கிறது. மறைத்தால் கதை வேறு. தெரிந்தே பொய் எழுதுவது 5 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய கூட்டாட்சிக் குற்றம். மாநிலத்தில் சட்டப்படி விற்கும் கஞ்சா மிட்டாயும் இந்தப் படிவத்தின் கண்ணில் போதைப்பொருள்தான்.

இவ்வளவு அந்தரங்கத்தையும் கொடுத்தால் பத்திரமா? 2015இல் இப்படிப்பட்ட பின்னணி விசாரணைப் பதிவுகள் 2.15 கோடிப் பேருடையவை திருடுபோனது வெளியே வந்தது. அதனால் என் பெயரில் வேறு யாரும் கடன் வாங்க முடியாதபடி கிரெடிட் ரிப்போர்ட்டை முடக்கி வைப்பது என் பழக்கம். விசாரணை நடக்கும்போது மட்டும் தேவையானால் திறந்துவிடலாம்.

படி 4: மற்றவை

மெப்ஸ் எனப்படும் ராணுவ ஆட்சேர்ப்பு மையத்தில் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் பழைய மருத்துவப் பதிவுகளையும் பார்ப்பார்கள், சிறுவயது வீசிங்கைக்கூட முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பணியில் உள்ள உளவுப் பிரிவு அதிகாரிகள் நேர்காணல் செய்து மதிப்பீடு எழுதுவார்கள். அதில் தமிழ் தெரியும் என்பதையே துருப்புச்சீட்டாக நீட்டவேண்டாம். சிதறிய தகவலை வைத்து ஒரு முடிவுக்கு வந்து, அதை மேலதிகாரியிடம் இரண்டு நிமிடத்தில் சொல்லத் தெரிகிறதா என்பதுதான் இந்த வேலை. உங்கள் அலுவலக அனுபவத்திலிருந்து அப்படி ஒரு உதாரணத்தைத் தயார் செய்யுங்கள். தேர்வு வாரியம் எடுத்துக்கொண்டால் என்சைன் (கடற்படை அதிகாரிகளில் தொடக்கநிலை) பதவியோடு ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் அதிகாரிப் பயிற்சி. உளவுப் பாடங்கள் வர்ஜீனியாவின் டாம் நெக்கில். நீங்கள் போயிருக்கும் காலத்தில் அலுவலக வேலைக்கு 1994ஆம் ஆண்டின் யுசெரா சட்டம் பாதுகாப்பு.

பின்சேர்க்கை: மனைவி பெயரில் மதுரையில் சீட்டு போட்டிருக்கிறோம், எழுதவேண்டுமா என்று ஒரு வாசகர் கேட்டார். 20ஏ உங்களை மட்டும் கேட்கவில்லை, வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் பெயரில் இருப்பதையும் சேர்த்துத்தான் கேட்கிறது. எழுதுங்கள். ரசீது இல்லாவிட்டால் தொகையை உத்தேசமாகப் போட்டு, சீட்டு என்றால் என்ன என்று குறிப்பில் இரண்டு வரி விளக்குங்கள். விசாரணை அதிகாரி நேரில் வரும்போது எப்படியும் கேட்பார்.