சீனாவிலிருந்து சரக்கு எடுப்பவர்கள் முன்பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்துச் சிறு கடைகளுக்கு இறக்குமதிக் காகித வேலை செய்து கொடுப்பது என் தொழில். தீபாவளிக்குச் சில மாதங்கள் இருக்கும்போதே கேள்விகள் வரத் தொடங்கிவிடும். "அக்கா, சப்ளையர் முப்பது சதவீதம் முன்பணம் கேட்கிறார், அனுப்பிடவா?" யாருக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால், வீசாட் என்ற சீன அரட்டைச் செயலியில் இருக்கும் ஒரு செல்லப்பெயரைக் காட்டுவார்கள். அந்தப் பெயரை வைத்து எந்த ஊரிலும் வழக்குப் போட முடியாது. சீனச் சட்டம் நமக்குக் கொடுக்கும் பாதுகாப்பு நிறையவே இருக்கிறது. ஆனால் எதிராளி யார் என்பது காகிதத்தில் சரியாக இருந்தால்தான் அதெல்லாம் கைக்கு வரும்.

முதலில் வணிக உரிமத்தின் படத்தைக் கேளுங்கள். ஒழுங்கான சப்ளையர் உடனே அனுப்பிவிடுவார். கம்பெனியின் ஆங்கிலப் பெயரை நம்பிப் பயனில்லை, சட்டப்படி பதிவாகியிருப்பது சீனப் பெயர் மட்டும்தான். அதோடு 18 இடங்கள் கொண்ட ஒரு பதிவு எண்ணும் இருக்கும். இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தாலே பாதிக் கவலை தீரும். 91 என்று தொடங்கினால் அது பதிவான நிறுவனம், பெரும்பாலும் கம்பெனி. 92 என்றால் தனிநபர் கடை, கடனுக்கு உரிமையாளரே தன் சொத்திலிருந்து பதில் சொல்ல வேண்டும். அடுத்த ஆறு எண்கள் பதிவான ஊரைச் சொல்லும். அந்த ஆறில் முதல் இரண்டு 44 என்றால் குவாங்டோங் மாநிலம், 33 என்றால் செஜியாங். போன வருடம் ஒரு தம்பி அலங்கார விளக்கு எடுக்க வந்தார். ஷோங்ஷானில் சொந்தத் தொழிற்சாலை என்று சப்ளையர் சொல்லியிருந்தார். ஷோங்ஷானின் குஷென் வட்டாரம் விளக்குத் தொழிலுக்குப் பேர்போன இடம், அதனால் சந்தேகமே வரவில்லை. உரிமத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எண் 91330782 என்று தொடங்கியது. அது ஈவூ, மொத்த வியாபாரச் சந்தை ஊர். ஷோங்ஷான் கம்பெனி என்றால் 442000 வந்திருக்க வேண்டும். இடைத்தரகரிடம் வாங்குவது குற்றமில்லை. ஆனால் தொழிற்சாலை விலை என்று நம்பிப் பேசியவர், அன்றே விலையைத் திரும்பப் பேசினார்.

அப்புறம் அந்த எண்ணைச் சீன அரசின் தேசிய நிறுவனத் தகவல் தளத்தில் போட்டுப் பாருங்கள். கட்டணம் கிடையாது. பக்கம் முழுக்கச் சீன மொழி, வெளிநாட்டிலிருந்து திறக்கும்போது சில நேரம் மக்கர் பண்ணும். கைப்பேசி மொழிபெயர்ப்பு போதும், பொறுமையாக உட்காருங்கள். கம்பெனி சார்பில் கையெழுத்திடும் சட்டப் பிரதிநிதி யார், விதிப்படி நடக்காதவர்களை அரசு குறித்து வைக்கும் 'அசாதாரண நிலை' பட்டியலில் பெயர் இருக்கிறதா, மூலதனம் எவ்வளவு என்று மூன்றையும் பாருங்கள்.

மூலதனத்தில் ஒரு முக்கியமான மாற்றம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் பங்குதாரர்கள் ஒரு கோடி யுவான் போடுவதாக எழுதிவிட்டு, முப்பது வருடம் கழித்துக்கூடக் கட்டலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய கம்பெனிச் சட்டப்படி, புதிதாகத் தொடங்கும் கம்பெனியில் ஒப்புக்கொண்ட தொகையை ஐந்து வருடத்துக்குள் கட்டியாக வேண்டும். பழைய கம்பெனிகள் தங்கள் கெடுவைச் சரிசெய்து கொள்ள 2027 ஜூன் 30 வரை அவகாசம் உண்டு. நமக்கு இதைவிடப் பெரிய விஷயம், கம்பெனியால் கடனை அடைக்க முடியாமல் போனால், கெடு வருவதற்கு முன்பே பங்குதாரர்கள் பணத்தைக் கட்ட வேண்டும் என்று அந்தக் கம்பெனியிடமிருந்து பணம் வர வேண்டியவர் கேட்கலாம். ஆகவே ஒப்புக்கொண்ட தொகையைப் பார்த்து மயங்காதீர்கள், உண்மையில் கட்டிய தொகை எவ்வளவு என்று தேடுங்கள்.

சீன உச்ச நீதிமன்றத்தின் தளத்தில், தீர்ப்பு வந்தும் பணம் கட்டாதவர்களின் பட்டியலும் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. அங்கே உங்கள் சப்ளையரின் பெயர் இருந்தால் அந்த ஆர்டரை விட்டுவிடுங்கள். எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

பணம் போகும் கணக்கின் பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். "ஹாங்காங் கணக்கில் போடுங்கள்" என்று சொன்னால் அது வேறு சட்ட எல்லையில் உள்ள வேறு கம்பெனி. அதையும் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். தனிநபர் கணக்கு என்றால் அனுப்பவே வேண்டாம்.

ஒப்பந்தத்தில் சிவப்பு வட்ட முத்திரை விழ வேண்டும். நடுவில் நட்சத்திரமும் ஓரத்தில் கம்பெனியின் சீனப் பெயரும் இருக்கும். அந்தப் பெயரை உரிமத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரு கம்பெனிக்கே பொது முத்திரை, ஒப்பந்த முத்திரை, நிதி முத்திரை என்று பல இருக்கும். முதல் இரண்டில் ஒன்று வேண்டும். முத்திரை குத்தியவருக்கு அதிகாரம் இருந்ததா என்பதையும் சீன நீதிமன்றங்கள் பார்க்கும், அதனால் சட்டப் பிரதிநிதியின் கையெழுத்தையும் சேர்த்து வாங்குங்கள்.

முன்பணத்துக்கு வருவோம். ஒப்பந்தம் சீனச் சட்டத்தின் கீழ் இருந்து, அதில் சீன மொழியில் 'உத்தரவாத முன்பணம்' என்று தெளிவாக எழுதியிருந்தால், 2021 முதல் நடப்பில் உள்ள சிவில் சட்டத் தொகுப்பு துணைக்கு வரும். சப்ளையர் பேச்சு மாறி ஒப்பந்தத்தின் பயனே இல்லாமல் செய்தால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். நீங்கள் பேச்சு மாறினால் அந்தப் பணம் போச்சு. உச்சவரம்பு மொத்தத் தொகையில் 20 சதவீதம். 30,000 வெள்ளி ஆர்டருக்கு 9,000 கட்டினாலும், 6,000 வெள்ளிக்கு மட்டும்தான் இந்த விதி செல்லும். வெறும் 'முன்பணம்' என்று எழுதினால் இந்த இரட்டிப்பு விதியே பொருந்தாது.

தகராறு எங்கே தீரும் என்பதையும் பணம் கட்டுமுன்பே முடிவு செய்யுங்கள். நடுவர் மன்றம் என்பது நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர்கள் தீர்ப்புச் சொல்லும் அமைப்பு. "நடுவர் மன்றம் அல்லது நீதிமன்றம்" என்று இரண்டையும் எழுதி வைக்கிற ஒப்பந்தங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். சீனாவில் அப்படிப்பட்ட நடுவர் உடன்பாடு பொதுவாகச் செல்லாது. ஒரே அமைப்பை முழுப் பெயரோடு குறிப்பிடுங்கள். சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் மன்றத் தீர்ப்பைச் சீனாவில் நிறைவேற்ற நியூயார்க் உடன்படிக்கை வழிசெய்கிறது, இரு நாடுகளும் அதில் உள்ளன. 2025 ஜனவரி முதல் அந்த மன்றத்தில் பத்து லட்சம் வெள்ளி வரையிலான வழக்குகளுக்குச் சுருக்கமான நடைமுறையும் வந்திருக்கிறது. ஆனாலும் சின்ன ஆர்டருக்கு அந்தச் செலவு கட்டாது. நம் நீதிமன்றத் தீர்ப்புக்கும் வழி இருக்கிறது. 2016ல் சீனாவின் நான்ஜிங் நீதிமன்றம் ஒரு சிங்கப்பூர்த் தீர்ப்பை ஏற்றது, 2018ல் இரு நாட்டு உச்ச நீதிமன்றங்களும் பணத் தீர்ப்புகளுக்கான வழிகாட்டிக் குறிப்பில் கையெழுத்திட்டன. அந்தக் குறிப்பு சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. பெரிய தொகை என்றால் ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சரக்கு வந்ததும் பெட்டியைப் பிரிக்காமல் கிடங்கில் போட்டு வைப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். சீனாவும் சிங்கப்பூரும் ஐநாவின் பன்னாட்டுச் சரக்கு விற்பனை உடன்படிக்கையில் இருப்பதால், வேண்டாம் என்று எழுதி ஒதுக்காவிட்டால் உங்கள் ஒப்பந்தத்துக்கு அது பொருந்தும். அதன்படி கூடிய சீக்கிரம் சோதித்து, குறை இருந்தால் நியாயமான காலத்துக்குள் என்ன குறை என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் உரிமை போய்விடும். பெட்டி பிரிக்கும்போதே படம் எடுத்து அன்றே அனுப்புங்கள். வீசாட் பேச்சு சீன நீதிமன்றத்தில் சாட்சியாக ஏற்கப்படும், ஆனால் மூலப் பதிவு இருக்க வேண்டும். கைப்பேசி மாற்றும்போது அரட்டைப் பதிவுகளை முழுசாகப் புதியதற்கு மாற்றுங்கள், பழைய கைப்பேசியையும் விற்றுவிடாதீர்கள்.

இங்குள்ள காகிதங்களைச் சீனாவில் காட்ட வேண்டி வந்தால் இப்போது தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை. 2023 நவம்பர் 7 முதல் சீனா அப்போஸ்டில் முறைக்கு, அதாவது ஒரு நாட்டின் ஒரே சான்றிதழைப் பிற நாடுகள் ஏற்கும் முறைக்கு வந்துவிட்டது. நோட்டரி செய்து, சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தில் (Singapore Academy of Law) அப்போஸ்டில் வாங்கினால் போதும். சீனச் சட்டத்தில் பன்னாட்டுச் சரக்கு விற்பனை வழக்குக்குக் கெடு நான்கு வருடம். சப்ளையர் தவணை சொல்லிக்கொண்டே இருந்தால், பணத்தைக் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். அப்படிக் கேட்ட நாளிலிருந்து கெடு புதிதாக எண்ணப்படும்.