வெளிநாட்டுத் தன்னார்வலர் இங்கிலீஷ் எடுக்க வருகிறாரா? முதல் வாரத்தை இப்படி ஓட்டுங்கள்

சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் இங்கிலீஷ் வாத்தியார். எங்களிடம் முதன்முதலாக வந்த தன்னார்வலர் ஸ்காட்லாந்துக்காரப் பெண். வந்த அன்றே அவரை எட்டாம் வகுப்பில் விட்டுவிட்டு நான் பேப்பர் திருத்தப் போய்விட்டேன். முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார். "புரிகிறதா?" என்று கேட்டபோதெல்லாம் நாற்பது பேரும் ஒரே ராகத்தில் "யெஸ் மிஸ்" பாடியிருக்கிறார்கள். வெளியே வந்தவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் உள்ளே போய், "மிஸ் என்னலே நடத்துனாங்க?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சுக்காரன் எழுந்து சொன்னான்: "தெரியல சார். ஆனா கேக்க நல்லா இருந்துச்சு."

தப்பு என்னுடையது. அடுத்து வந்தவர்களுக்கு நான் மாற்றிக்கொண்ட முறை இது.

படி 1: ஆள் வருமுன் காகித வேலை

இ-டூரிஸ்ட் விசாவில் வருபவர் சம்பளமில்லாத தன்னார்வ வேலையை அதிகபட்சம் ஒரு மாதம்தான் செய்யலாம். அதற்கு மேல் இருக்க வேண்டுமென்றால் விசாவே வேறு. அதை அவர் ஊரிலிருந்து கிளம்புமுன் பேசி முடித்துவிடுங்கள். வந்த பிறகு, யார் வீட்டில் தங்குகிறாரோ அந்த வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் விவரம் பதிய வேண்டும். சி ஃபார்ம் என்று ரொம்ப நாளாகச் சொல்லிவருவது இதைத்தான். லாட்ஜுக்கு மட்டும்தான் இது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கி வையுங்கள். வகுப்பில் நம் ஆசிரியர் ஒருவர் எப்போதும் கூட இருப்பார், பிள்ளைகளைப் போட்டோ எடுத்து நெட்டில் போடக்கூடாது என்ற இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் சங்கடமில்லை.

படி 2: முதல் நாள், பாடம் கிடையாது

பின் பெஞ்சில் உட்காரவையுங்கள். நீங்கள் நடத்துங்கள், அவர் கேட்கட்டும். நம் இங்கிலீஷ் அவர் காதுக்குப் பழக ஒரு நாளாவது வேண்டும். இடைவேளையில் இரண்டு விஷயம் சொல்லிக்கொடுங்கள். ஒன்று, தலையை இரண்டு பக்கமும் ஆட்டினால் இல்லை என்று அர்த்தமல்ல, சரி என்று அர்த்தம். இன்னொன்று, "சாப்பிட்டியளா?" என்பது நலம் விசாரிப்பு, காலையில் என்ன சாப்பிட்டோம் என்று பட்டியல் ஒப்பிக்க வேண்டாம். ஆப்பில் "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்" என்று படித்துவிட்டு வருபவருக்கு நம்முடைய "எப்படி இருக்கிய?" வேறு ஏதோ பாஷை போலத்தான் கேட்கும். மத்தியானம் யார் வீட்டில் சாப்பாடு என்று ஊரில் போட்டி வரும். ஒரு வீட்டோடு நிறுத்துங்கள். சொதியும் அல்வாவும் ஒரே நாளில் வேண்டாம், அனுபவத்தில் சொல்கிறேன்.

படி 3: இரண்டாம் நாள், பிள்ளைகள் வாத்தியார்

தமிழறிஞராகப் பேர் வாங்கிய பாதிரியார் கால்டுவெல் 1838-ல் சென்னையில் வந்து இறங்கினார். அங்கே தமிழ் படித்துவிட்டு, 1841-ல்தான் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். நம் ஆளுக்கு இருப்பது ஒரே மாதம். அதனால் ஒரு பீரியடாவது அவர் மாணவியாக இருக்கட்டும். வளாகத்தைச் சுற்றி வரச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் காட்டித் தமிழ்ப்பெயர் சொல்ல, அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். வேப்பமரம், குழாய், சைக்கிள் ஸ்டாண்ட் எல்லாம் தாண்டி வாழைக்கு வந்ததும் எங்கள் ஸ்காட்லாந்து மிஸ், "வாலைப்பலம்" என்றார். ஆறாம் வகுப்பே உருண்டு சிரித்தது. (நம்மில் பாதிப் பேர் "வாளப்பளம்" என்றுதான் சொல்கிறோம், அது வேறு கதை.) ஒரு வாண்டு அவருக்கு முன்னால் வாயைப் பிளந்து, நாக்கை எங்கே மடக்க வேண்டும் என்று காட்டினாள். ஐந்தாறு தடவைக்குப் பிறகு ஒரு மாதிரி வந்தது.

இப்போதுதான் பண்டமாற்று. மிஸ்ஸுக்கு ழ வரவில்லை. நமக்கு எது வரவில்லை? இங்கிலீஷ்காரர்கள் பேனாவை "பென்" (Pen) என்று சொல்லும்போது உதட்டிலிருந்து காற்று புஸ்ஸென்று கிளம்பும். நம் "ப"வில் அந்தக் காற்று கிடையாது. அதனால் நம் பையன் பேனாவைச் சொன்னால் அவர் காதில் பென் (Ben) என்று ஓர் ஆளின் பெயர் விழுகிறது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான் பாருங்கள், சிக்கலே அங்கேதான். ரஃப் நோட்டிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் காகிதம் கிழித்து, உதட்டுக்கு முன்னால் தொங்கவிடச் சொல்லுங்கள். காகிதம் துள்ளினால் பேனா, சும்மா இருந்தால் ஆள். பத்து நிமிஷத்தில் வகுப்பு முழுக்கக் காகிதம் பறக்கும். சத்தம் வரும், ஹெச்.எம். எட்டிப் பார்ப்பார். பரவாயில்லை.

படி 4: மூன்றாம், நான்காம் நாள், ஜோடியாக நடத்துங்கள்

அவர் இருபது நிமிஷம், நீங்கள் இருபது நிமிஷம். "புரிகிறதா?" என்ற கேள்விக்குத் தடை போடுங்கள். அதற்குப் பதில் செய்யச் சொல்லட்டும்: நோட்டை பைக்குள் வை, பையைப் பக்கத்துப் பிள்ளை மடியில் வை, ஜன்னலைச் சாத்து. புரிந்ததா இல்லையா என்பது கை காலிலேயே தெரிந்துவிடும். வேகமாகப் பேசினால் நீங்கள் உடனே மொழிபெயர்க்கக் கிளம்பாதீர்கள். ஒரு தடவை வாய் திறந்தால் அப்புறம் பிள்ளைகள் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். கையைத் தூக்கி மெதுவாக என்று சைகை காட்டினால் போதும்.

படி 5: சனிக்கிழமை, கடைக்கு

மூன்று நான்கு பிள்ளைகளோடு அவரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். நீங்கள் பத்தடி பின்னால் நில்லுங்கள். அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் வராது, மிஸ்ஸுக்குத் தமிழ் வராது; நடுவில் பிள்ளைகள்தான் தரகர். எங்கள் மிஸ் தொங்கிக்கொண்டிருந்த கதலித் தாரில் கை வைத்தார். வகுப்பில் வாயே திறக்காத ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் குறுக்கே விழுந்தான். "நோ மிஸ்! திஸ் பனானா டுமாரோ. தட் பனானா டுடே!" மிஸ் கையை எடுத்துக்கொண்டு, அவன் காட்டிய தாரிலிருந்து ஒரு சீப்பு வாங்கினார்.

திங்கட்கிழமை போர்டில் அந்த இரண்டு வாக்கியத்தையும் அப்படியே எழுதச் சொன்னேன். "பழுத்திருக்கு" என்பதற்கு இங்கிலீஷில் என்ன மிஸ் என்று முதல் கேள்வி அவனிடமிருந்துதான் வந்தது.