பழைய கோவை கிரைண்டரை மறுபடி ஓட வைப்பது எப்படி?

கொங்கு நாட்டுக் கிராமங்களில் புறக்கடைத் திண்ணையிலோ கட்டுத்தரை மூலையிலோ சாக்குப் போட்டு மூடிய பழைய கிரைண்டர் ஒன்றை இன்றும் பார்க்கலாம். சன்மைக்கா ஒட்டிய மரப்பெட்டி, உள்ளே ஒற்றை ஆளால் அசைக்க முடியாத கருங்கல், அதற்கேற்ற குழவி. அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கோவை ஆவாரம்பாளையத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றும் வைண்டிங் பட்டறை நடத்தியவன் நான். ஓடாது என்று எங்களிடம் வந்த கிரைண்டர்களில் பெரும்பாலானவற்றுக்குப் போயிருந்தது பெல்ட், பேரிங், மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் ஆகிய மூன்றில் ஒன்றுதான். கல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இந்த இயந்திரம் எங்கள் ஊரில் பிறந்தது. 1930களில் நீலகிரியின் பைகாரா புனல் மின்நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரை இங்கே செய்தார்கள். 1955இல் பி. சபாபதி ஆட்டுக்கல்லோடு மோட்டாரை இணைத்தார். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. இந்தப் பெருமையை எதற்குச் சொல்கிறேன் என்றால், இதற்கு உதிரிபாகமும் கை தெரிந்த ஆளும் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் இன்றும் கிடைப்பார்கள். மேலும், அன்று செய்தவர்கள் திறப்பதற்கென்றே செய்தார்கள். எல்லாம் போல்ட், நட்டு. ஒரு ஸ்பானர் செட்டும் திருப்புளியும் இருந்தால் கடைசித் துண்டு வரைக்கும் கழற்றலாம். ஒட்டியும் உருக்கியும் மூடிவிட்ட இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளில் அந்த மரியாதை கிடையாது; உள்ளே இருபது ரூபாய்ச் சாமான் போனாலும் முழுதையும் தூக்கிப்போடச் சொல்கிறார்கள்.

முதலில் கல்லைப் பாருங்கள். கல் கெட்டிருந்தால் மற்ற வேலை எதுவும் வேண்டாம். சுத்தியலின் மரக்காம்பால் விளிம்பை நாலு பக்கமும் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்ல கல். எங்காவது ஓரிடத்தில் மட்டும் மொத்தென்று கேட்டால் அங்கே தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டுப் பாருங்கள். விரிசல் இருந்தால் மற்ற இடம் காய்ந்த பிறகும் அந்தக் கோட்டில் ஈரம் நிற்கும். விரிந்த கல்லைச் சுற்றவிடக் கூடாது.

அடுத்தது மோட்டார். நெடுநாள் நின்ற கிரைண்டரின் பிளக்கை நேராகச் செருகிச் சுவிட்சைப் போட்டுப் பார்க்காதீர்கள். மாவு வாசத்துக்குக் கரப்பானும் எலியும் குடியிருக்கும். வயரின் மேலுறை தொட்டாலே உதிரும். பின் கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, தூசியைத் தூரிகையால் தள்ளுங்கள். கெபாசிட்டரில் பழைய மின்சாரம் தங்கியிருக்கலாம், அதனால் அதன் இரு முனைகளிலும் ஒரு குண்டு பல்பின் வயரை வைத்து இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பிறகு ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து 500 வோல்ட் மெக்கர் என்ற மின்காப்புச் சோதனைக் கருவியால் வைண்டிங்குக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே சோதிக்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் குறைவாகக் காட்டினால் உடனே ரீவைண்டிங் என்று முடிவு கட்ட வேண்டாம். பாதிக்குப் பாதி வெறும் ஈரம்தான். மோட்டாரை ஒரு தகரப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டு ஓரிரு நாள் உலர்த்துங்கள். எல்.இ.டி. பல்பில் அந்தச் சூடு வராது. உலர்ந்த பின்னும் அளவு ஏறவில்லை என்றால் மட்டுமே ரீவைண்டிங். அப்போது பட்டறையில், பழைய காயிலின் கேஜை, அதாவது கம்பியின் தடிமனை, அளந்து, சுற்றுகளையும் எண்ணி அதே அளவுச் செம்புக் கம்பியில் சுற்றித் தரச் சொல்லுங்கள். அலுமினியம் வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். கழற்றும் முன் கல் எந்தத் திசையில் சுற்றும் என்பதைச் சாக்பீஸால் அம்புக்குறியிட்டு வையுங்கள். திரும்பி வரும்போது தலைகீழாகச் சுற்றினால் மாவை நடுவே தள்ளும் பலகை வேலை செய்யாது.

மோட்டார் முனகுகிறது, ஆனால் கிளம்பவில்லை, பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைக் கையால் சுற்றிவிட்டால் ஓடுகிறது என்று உங்கள் வீட்டார் சொன்ன நினைவிருந்தால் சந்தேகம் முதலில் கெபாசிட்டர் மேல். அதன்மேல் அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபாரட் அளவிலேயே புதிது வாங்குங்கள்.

பேரிங்கின் விளிம்பில் 6203, 6204 என்பதுபோல் எண் பொறித்திருக்கும். அதைச் சொன்னால் கடையில் அப்படியே எடுத்துத் தருவார்கள். கல்லுக்குக் கீழே உள்ள பேரிங்குக்கு இருபுறமும் ரப்பர் மூடிய வகையைக் கேளுங்கள், மேலிருந்து தண்ணீர் சொட்டும் இடம் அது. பெல்ட்டிலும் எண் இருக்கும். அது அழிந்திருந்தால் பழைய பெல்ட்டையே கையில் கொண்டு போங்கள். மாட்டும்போது இரண்டு புல்லிகளும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். கட்டை விரலால் நடுவே அழுத்தினால் அரை அங்குலம் இறங்கும் அளவுக்கு இழுவை போதும். அதற்கு மேல் முறுக்கினால் பேரிங்தான் அடி வாங்கும்.

குழவியின் தலையைப் பிடிக்கும் கட்டை தேய்ந்திருந்தால் கடைசல்காரரிடம் வேலமரத்தில் கடைந்து வாங்கலாம். மரப்பெட்டிக்கு ஒரு கை பெயின்ட் போதும்.

கல் கொத்துவதற்கு மட்டும் அவசரப்படக் கூடாது. ஈரக் கல்லின் மேல் உள்ளங்கையை ஓட்டினால் கண்ணாடியாக வழுக்குகிறதா? அப்படியென்றால் கொத்து தேய்ந்துவிட்டது. உளுந்து ஆட்ட நேரம் கூடும், மாவு சூடேறும், இட்லி கல்லாகும். அம்மி கொத்துபவர்கள் இன்னும் எங்கள் பக்கத்துத் தெருக்களில் குரல் கொடுத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களிடம் கூலி பேரம் பேசாதீர்கள், அந்தக் கைப்பழக்கத்தை வேறெங்கும் வாங்க முடியாது. குழிகள் சிறியனவாக, நெருக்கமாக, ஒரே ஆழத்தில் விழ வேண்டும். கல்லின் உட்குழியிலும் குழவியின் கீழ்ப்பாதியிலும் போதும். விளிம்பைத் தொடத் தேவையில்லை. உளி ஆழமாக இறங்கினால் அந்தக் குழிகளில் மாவு தங்கிப் புளித்து நாறும். கல்லை நனைத்துக்கொண்டே கொத்தச் சொல்லுங்கள். காய்ந்த கருங்கல் தூசி நுரையீரலுக்குக் கேடு. அவருக்கு முகக்கவசமும் கண்ணாடியும் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

கொத்திய கல்லைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவி, ஊறவைத்த மட்டரக அரிசியும் கல் உப்பும் போட்டு அரைத்து, அந்த மாவைக் கொட்டிவிடுங்கள். மாட்டுக்கும் வைக்க வேண்டாம். மறுபடியும் அரிசி போடுங்கள். இம்முறை ஒரு கரண்டி மாவைக் கண்ணாடித் தம்ளரில் நிறையத் தண்ணீரோடு கலக்கி, தெளிந்ததும் மேல்நீரை வடித்துவிட்டு அடியில் தங்கியதை விரலால் தேயுங்கள். நெருநெருப்பு தட்டாமல் போகும் வரைக்கும் இதே வேலைதான். சிலர் ஒரே தடவையோடு விட்டுவிடுகிறார்கள். பிறகு பல்லில் மணல் கடிபட்டதும் கிரைண்டரையே குறை சொல்கிறார்கள்.

பழைய வயரைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். மூன்று கம்பி உள்ள செம்பு வயர் போட்டு, எர்த் கம்பியை இரும்புச் சட்டத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு போல்ட்டால் இறுக்குங்கள். ஈரக் கையோடு, பெரும்பாலும் வெறுங்காலோடு நின்று வேலை செய்யும் இயந்திரம் இது. வீட்டு மெயின் போர்டில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் கிரைண்டரை ஓட்டும் முன் அதை வைத்துவிடுங்கள்.

முதல் ஆட்டலுக்கு நான் எங்கள் கொங்கு நாட்டு இடியாப்பமான சந்தகைக்குரிய அரிசியைத்தான் சொல்வேன். நன்றாக ஊறிய இட்லி அரிசி மையாக அரைபடுகிறதா என்று பார்த்தால் கல்லின் பதம் முழுதும் தெரிந்துவிடும். மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்று சுற்றினாலும் சின்னப் புல்லியும் பெரிய புல்லியும் அதைப் பல மடங்கு குறைத்துத்தான் கல்லுக்குக் கொடுக்கின்றன. அதனால் பிளேடு வெட்டிச் சூடாக்கும் மிக்சி மாவு போலல்லாமல் இது தொட்டால் சில்லென்று இருக்கும். கல்லைச் சுற்றவிட்டு, பிறகு கை கையாக அரிசியைப் போடுங்கள். நின்ற கல்லில் மொத்தமாகக் கொட்டிவிட்டுச் சுவிட்சைப் போட்டால் மோட்டார் திணறும்.

வேலை முடிந்ததும் கல்லைக் கழுவி, மூடாமல் காயவிடுங்கள். பின் கதவின் உட்புறத்தில் பெல்ட் எண், பேரிங் எண், கெபாசிட்டர் அளவு, கொத்திய தேதி இவற்றைப் பெயின்டால் எழுதி வையுங்கள். அடுத்து திறப்பவர் உங்கள் மகனாகவோ மருமகளாகவோ இருக்கலாம். கடைக்குக் கிளம்பும் முன் அவர்கள் தேடப்போவது இந்த எண்களைத்தான்.