வட சைப்ரஸுக்குக் கடிதம் போடுவது எப்படி

எனக்கு ஸ்டாம்ப் சேர்க்கும் பைத்தியம் சின்ன வயதிலிருந்தே உண்டு. வட சைப்ரஸில் கிரீனியா என்ற ஊரில் இருக்கும் ஒருவரோடு மாற்றிக்கொள்கிறேன். முதல் தடவை கவரின் கடைசி வரியில் 'வட சைப்ரஸ்' என்று எழுதிப் போட்டேன். மூன்று மாதம் கழித்து கவர் என் வீட்டுக்கே வந்தது. தப்பு என்னுடையதுதான்.

1974-இல் துருக்கிப் படை இறங்கியதும் சைப்ரஸ் தீவு இரண்டானது. 1983 நவம்பர் 15 அன்று வடக்குப் பகுதி தன்னைத் தனிக் குடியரசு என்று அறிவித்தது. மூன்றே நாளில் ஐ.நா. பாதுகாப்பு சபை, 541-ஆம் தீர்மானம் போட்டு அது செல்லாது என்றது. இன்றுவரை அந்தக் குடியரசை ஏற்றுக்கொண்ட ஒரே நாடு துருக்கி. நம் இந்தியா உட்பட மற்றவர்களுக்குச் சைப்ரஸ் என்றால் தெற்கே இருக்கும் அரசுதான். தபால்காரர்கள் கணக்கும் அதேதான்.

அதனால் கடிதம் துருக்கி வழியாகத்தான் போகவேண்டும். பெயர், தெரு, ஊர் எழுதி, அடுத்த வரியில் 'மெர்சின் 10', கடைசியில் 'துருக்கி' என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். மெர்சின் துருக்கியின் தென்கரைத் துறைமுகம். சூட்சுமம் அந்தப் பத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்த்ததும் தீவுக்குத் திருப்பிவிடுவார்கள். ஊர்ப்பெயரும் துருக்கி வழக்கில் இருக்கட்டும்: கிரீனியாவுக்குக் கிர்னே, நிக்கோசியாவுக்கு லெஃப்கோஷா. கவரில் எங்கேயும் 'சைப்ரஸ்' வேண்டாம். 'வட' சேர்த்தாலும், கடிதங்களை நாடுவாரியாகப் பிரிப்பவர் கண்ணில் படுவது சைப்ரஸ் மட்டும்தான்.

கவுன்டரில் எந்த நாடு என்று கேட்டால் துருக்கி என்று சொல்லிவிட்டு, அந்தக் கட்டணத்தைக் கட்டுங்கள். அங்கே நின்று வரலாறு பேசாதீர்கள். நான் ஒரு தடவை பேசினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முறைத்த முறைப்பு இன்னும் மறக்கவில்லை.

போனுக்கும் இதே கதைதான். முதலில் துருக்கியின் நாட்டு எண் 90, அப்புறம் 392.

பதில் கவரில் துருக்கி மொழியில் 'வட சைப்ரஸ் துருக்கியக் குடியரசு' என்று அச்சிட்ட ஸ்டாம்ப் இருக்கும். துருக்கி தவிர யாரும் ஏற்காத நாட்டின் ஸ்டாம்ப் மதுரை வரை வந்துவிடுகிறது! மால்டோவாவிலிருந்து பிரிந்து தன்னைத் தனி நாடு என்று சொல்லிக்கொள்ளும் டிரான்ஸ்னிஸ்ட்ரியாவுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அதன் ஸ்டாம்ப் உள்ளூருக்குள் மட்டும்தான். வெளிநாட்டுக் கடிதத்துக்கு மால்டோவா ஸ்டாம்ப்தான் ஒட்டவேண்டும்.

வந்த கவரிலிருந்து ஸ்டாம்பை மட்டும் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள். அனுப்புநர் முகவரியில் 'மெர்சின் 10' இருக்கிற முழுக் கவராகவே ஆல்பத்தில் வையுங்கள்.